கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அயனாவரத்தில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் கணக்கு தப்பாகப் போட்டால், "உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் கொண்டுபோய் விடணும்" என்பார் வாத்தியார். வகுப்பே சிரிக்கும். ஊர் முழுக்க அது வெறும் பேச்சு. எங்களுக்கோ அந்த மதில் தெருக்கோடியில் இருந்தது. பிற்பாடு என் குடும்பமே இந்த விஷயத்தில் சிக்கியது. அதை ஓரிடத்தில் சொல்கிறேன். தெரிந்தவர்களும் சொந்தக்காரர்களும் பல வருடங்களாக என்னிடம் மாற்றி மாற்றிக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி என்றால் எது? கே.எம்.சி.யா?

இல்லை. கே.எம்.சி. என்பது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எல்லா நோய்க்கும் அங்கே போகலாம். மனநலக் காப்பகம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில், அயனாவரத்தை ஒட்டி இருக்கிறது. அரசு அதற்கு வைத்திருக்கும் பெயர் இன்ஸ்டிடியூட் ஆஃப் மென்டல் ஹெல்த். சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. ஏறக்குறைய 1800 படுக்கைகள் கொண்ட இடம். ஆட்டோவில் ஏறி "கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொன்னால் தப்பான வாசலில் இறக்கிவிட்டுவிடுவார்கள். டேங்க் ரோடு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

யார் ஆரம்பித்தது? வெள்ளைக்காரன் கட்டியதுதானே?

ஆமாம். ஆனால் ஆரம்பத்தில் அது அரசு ஆஸ்பத்திரியாக இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜன் வாலன்டைன் கானலி 1794இல் 16 பேரோடு தொடங்கினார். இடத்துக்கும் கட்டடத்துக்கும் அவர் பொறுப்பு, நோயாளிகளுக்கான செலவைக் கம்பெனி கொடுக்கும். பிறகு கை மாறி, ஜேம்ஸ் டால்டன் என்ற சர்ஜனிடம் வந்தது. அவர் காலத்தில் ஊரார் வாயில் அது "டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி". நோயாளியைப் பராமரிக்கிறவருக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் வந்தது. அப்படி ஓர் ஏற்பாட்டில், உள்ளே இருப்பவர் வெளியே போக வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இருந்திருக்காது. இந்த இடத்தின் கதையில் இந்த முதல் அத்தியாயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சேர்க்கிற வாசல் முதல் நாளே திறந்தது. அனுப்புகிற வாசலைப் பற்றி வெகுகாலம் யாரும் யோசிக்கவே இல்லை.

அன்று வெள்ளைக்கார நோயாளிகளில் பலரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பிவிடுவார்கள். நம்மவர்களுக்கு அந்தக் கப்பல் கிடையாது.

இப்போதிருக்கும் இடத்துக்கு எப்போது வந்தது?

1871இல். கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த பிறகு, அரசே லோக்காக்ஸ் கார்டன் என்ற தோட்டத்தில் அறுபத்தாறரை ஏக்கரில் புதிதாகக் கட்டியது. 145 நோயாளிகள் அங்கே மாற்றப்பட்டார்கள். அன்றைக்கு அந்தப் பக்கமெல்லாம் தோட்டமும் துரவுமாக, பட்டணத்துக்கு வெளியே கிடந்தது. காற்றோட்டம், மரநிழல், அமைதி ஆகியவை புத்தி தெளிய உதவும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்து மருத்துவத்தில் உண்டு. கண்ணில் படாமல் தள்ளி வைப்பதும் வசதியாகப் போயிற்று. இரண்டு எண்ணங்களும் சேர்ந்துதான் அந்த மதிலை எழுப்பின. பின்னாளில் சென்னை வளர்ந்து மதிலைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

பெயர் ஏன் மாறிக்கொண்டே வந்தது?

முதலில் லூனடிக் அசைலம், அதாவது பைத்தியக்கார விடுதி. 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை ஆனது. 1970களின் கடைசியில்தான் இன்றைய பெயர். பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் உள்ளே எதுவும் மாறவில்லை என்பது உண்மை. இருந்தாலும் பெயர் மாற்றத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. விடுதி என்றால் தங்கவைக்கிற இடம், மருத்துவமனை என்றால் குணப்படுத்தி அனுப்புகிற இடம். அந்தச் சொல் வந்த பிறகு, "ஏன் அனுப்பவில்லை?" என்று கேட்க வாய்ப்பு வந்தது.

ஒருவரை உள்ளே சேர்க்க அந்தக் காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். உடம்பு சரியில்லாதவரைச் சேர்க்க நீதிமன்ற உத்தரவா என்று இன்று கேட்போம். அன்று அதுதான் வழி.

1858இல் வந்த சட்டமும், அதற்குப் பின் வந்த 1912ஆம் வருட இந்திய லூனசி சட்டமும் பைத்தியத்தை நோயாகப் பார்த்ததைவிட, ஊருக்கு ஆபத்தாகத்தான் அதிகம் பார்த்தன. தெருவில் திரிகிறவரைப் போலீஸ் பிடிக்கும், டாக்டர் சான்று எழுதுவார், மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார், கதவு மூடும். அண்ணனோ புருஷனோ மனு கொடுத்தாலும் நடைமுறை ஏறக்குறைய இதேதான். தானாக வந்து சேருவதற்கு 1912 சட்டத்தில் வழி இருந்தது, ஆனால் அது குறுகலான வழி. திருடனுக்காவது தண்டனைக்காலம் என்று ஒன்று எழுதப்படும். இவர்களுக்கு அந்த இடம் காலியாகவே இருந்தது.

சுதந்திரம் வந்தும் இந்தச் சட்டம் போகவில்லை. மனநலச் சட்டம் 1987இல் நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 1993இல்தான். ஆக, 81 வருடம் அந்த லூனசி சட்டத்தின் கீழ்தான் நம் ஜனங்கள் உள்ளே போனார்கள். அதே 1993இல், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைத்து வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை நாட்டின் சில பகுதிகளில் அவர்கள் ஜெயிலில்தான் இருந்தார்கள்.

இவ்வளவு கூட்டம் எப்படிச் சேர்ந்தது?

போகிறவர்களைவிட வருகிறவர்கள் அதிகம், அவ்வளவுதான். 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான அரசுக் குழு நாட்டின் சுகாதாரத்தை அலசியபோது, கிட்டத்தட்ட 40 கோடி ஜனங்களுக்கு மனநோய்ப் படுக்கைகள் சுமார் 10,000தான் இருந்தன. பல மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரே ஆஸ்பத்திரி. மதராஸ் மாகாணத்தின் பல மூலைகளில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் ரயிலேற்றிப் பட்டணத்துக்குத்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்து விட்டவர்கள் மறுபடி வந்து பார்க்க ரயில் செலவுக்கு எங்கே போவார்கள்?

1950களுக்கு முன் பெரிதாக மருந்தும் கிடையாது. கத்தினால் தூக்க மருந்து, அடங்காவிட்டால் தனி அறை. 1950களில் குளோர்புரோமசின் வந்தது. லார்காக்டில் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். காதில் குரல் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு முதல்முறையாகக் குரல் அடங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்ற நிலைமை வந்தது. ஆனால் அதற்குள் வீடு அவர்களை மறந்திருந்தது.

டாக்டர் சாரதா மேனன் என்ன செய்தார்?

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். மங்களூரில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்தில் கண்காணிப்பாளராக இருந்தார். பதினேழு வருடம். பூட்டி வைக்கிற இடத்தை வைத்தியம் பார்க்கிற இடமாக மாற்ற முயன்றவர்களில் அவரை முதலில் வைப்பேன்.

அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது தொழில் சிகிச்சை மையம். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கையில் வேலை கொடுத்தார். மாத்திரை குரலை அடக்கும். அதற்குப் பிறகு வருகிற பகல் பொழுதை நிரப்ப மாத்திரையால் ஆகாது. காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்கிறது, அங்கே நம் கைக்காக ஒரு வேலை காத்திருக்கிறது என்பது ஆளையே நிமிர்த்தும். இன்றும் அந்த வளாகத்தில் நோயாளிகள் ரொட்டி சுடுகிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவர்கள் போக இடமில்லாமல் திரும்பி வருவதை வருடக்கணக்காகப் பார்த்தவர், 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி, மறுவாழ்வு அமைப்பைத் தொடங்கினார். 1992இல் பத்மபூஷண் கிடைத்தது. 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார்.

கரண்ட் ஷாக் கொடுத்துத்தான் அடக்குவார்களாமே?

மின்னதிர்வுச் சிகிச்சை 1938இல் இத்தாலியில் தொடங்கியது. கடுமையான மனச்சோர்வு, சாப்பிடாமல் அசையாமல் உறைந்துபோகிற நிலை ஆகியவற்றுக்கு அது இன்றும் உயிர் காக்கிற வைத்தியம். பயம் வந்ததற்குக் காரணம் பழைய முறை. மயக்க மருந்து இல்லாமல், தசை தளர்த்தும் ஊசி இல்லாமல், நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள நடந்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது. சினிமாவில் காட்டுவதை வைத்துப் பயந்து, தேவைப்படுகிற வைத்தியத்தை மறுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள், எழுத்தில் சம்மதம் கேட்பார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏர்வாடி தீ விபத்துக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வருகிற மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

அந்தச் செய்தி வந்த காலையில் எங்கள் தெரு டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த பெரியவர், பாதியில் நிறுத்தி மடித்து வைத்துவிட்டார். யாரும் மேலே படிக்கச் சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அனுமதி இல்லாத விடுதிகளை அரசு மூடியது. அங்கிருந்தவர்களில் பலரை அழைத்து வந்து சேர்த்த இடங்களில் ஒன்று கீழ்ப்பாக்கம். இங்கே ஏற்கெனவே இடம் நெருக்கடி, அதோடு இவர்களும். ஏர்வாடியை மூடநம்பிக்கையின் கதையாக மட்டும் சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மாவட்டத்தில் மனநல மருத்துவர் இல்லை, பட்டணம் தூரம், தெரிந்த ஒரே கதவு தர்காவோ குணசீலம் கோயிலோதான். கூட்டிப்போன தாய் சங்கிலியைத் தேடிப் போகவில்லை. ஆறுதலைத் தேடித்தான் போனாள். பிற்பாடு அரசே ஏர்வாடி தர்காவில், பிரார்த்தனையோடு சேர்த்து மருந்தும் கொடுக்கிற "தவா-துவா" திட்டத்தைக் கொண்டுவந்தது. நம்பிக்கையைத் திட்டாமல், பக்கத்திலேயே டாக்டரை உட்காரவைத்தார்கள். அது சரியான வழி.

குணமானவர்கள் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

பெரும்பாலும் காரணம் நாம்தான், குடும்பம். சேர்க்கும்போது தப்பான முகவரி கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சரியான முகவரி கொடுத்து, பிறகு வீடு மாறி, புது முகவரியைச் சொல்லாமல் விடுகிறவர்கள் அதைவிட அதிகம். ஊழியர்கள் அழைத்துக்கொண்டு ஊருக்கே வந்தால், "எங்களுக்கு அப்படி ஒருத்தர் இல்லீங்களே" என்று வாசலில் நின்று சொல்கிறவர்களும் உண்டு.

என் சித்தப்பா தையல்காரர். இருபத்தாறு வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. வெட்டுத்துணியைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருப்பார். அப்பாதான் வேறோர் ஊரில் இருந்த ஓர் அரசு மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். முதல் வருடம் மாதம் தவறாமல் போனார். அடுத்து பொங்கலுக்குப் பொங்கல். அத்தைக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் சித்தப்பாவின் பேச்சே வீட்டில் நின்றது. நாங்கள் வீடு மாறினோம். ஆஸ்பத்திரிக்குச் சொல்லவில்லை.

அப்பா போன பிறகு தகரப்பெட்டியில் ரேஷன் கார்டு தேடும்போது ஒரு தபால் அட்டை கிடைத்தது. தங்கள் நோயாளி நலமாக இருக்கிறார், வந்து அழைத்துச் செல்லவும் என்று நீல மையில் நாலு வரி. முத்திரையில் இருந்த தேதிக்கு அப்போது பதினோரு வயது. பழைய வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். அப்பா அதைக் கிழித்தும் போடவில்லை, பதிலும் போடவில்லை.

போய்ப் பார்த்தேன். என்னைக் குழந்தையாகப் பார்த்ததோடு சரி, அடையாளம் தெரிய வாய்ப்பில்லை. அண்ணன் பையன் என்று சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார். என் சட்டையின் மூன்றாவது பட்டனை இரண்டு விரலால் பிடித்து, "நூல் விட்டுப்போச்சு. ஊசி இருந்தாக் குடு, தச்சுத் தரேன்" என்றார். அண்ணன் எங்கே என்று அதற்கப்புறம்தான் கேட்டார்.

வீட்டில் எல்லோரையும் சம்மதிக்கவைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதத்தை இன்றும் என்னால் சீரணிக்க முடியவில்லை. பிறகு ஆறு வருடம் எங்களோடு இருந்தார். ராத்திரி எட்டரைக்கு மாத்திரை, பகலில் தெருவில் உள்ளவர்களுக்குப் புடவை ஓரம் அடித்துக் கொடுப்பார். யாரையும் ஒரு நாளும் அடிக்கவில்லை.

இப்போது சட்டம் தெளிவாகச் சொல்கிறது: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது. அவருக்குச் சமூகத்தோடு வாழ உரிமை உண்டு, அதற்கான இல்லங்களை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். 2017 சட்டத்தின் 19ஆவது பிரிவு அது. எழுத்தில் இருக்கிறது. அந்த இல்லங்கள் போதுமான அளவுக்கு இன்னும் வரவில்லை.

பெண்களின் நிலைமை இன்னும் மோசமா?

ஆமாம். ஆணைச் சேர்த்துவிட்டுப் போனால் அம்மாவோ மனைவியோ திரும்பி வர ஓரளவு வாய்ப்பு உண்டு. மனைவியைச் சேர்த்தால் புகுந்த வீடு "உங்க பொண்ணு, நீங்க பாத்துக்குங்க" என்கும். பிறந்த வீடு "கட்டிக் கொடுத்துட்டோமே" என்கும். இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. கூடவே வாழ முடியாத அளவுக்குக் கடுமையாக இருந்தால்தான் அது செல்லும் என்ற நிபந்தனையைப் பலரும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

வீடில்லாமல் தெருவில் திரிந்த பெண்களுக்கு அந்தக் காலத்தில் போக இடமே இல்லை. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னையில் பான்யன் அமைப்பைத் தொடங்கியது அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். குணமானவர்களை ரயிலேற்றிக் கூட்டிப்போய், அவர்கள் சொல்கிற அரைகுறை ஊர்ப்பெயரை வைத்து வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். வேற்று மாநிலத்துப் பெண்களையும் அப்படிச் சேர்த்திருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் பெண்ணுக்குச் சட்டம் தருகிற சில உரிமைகளைக் கேட்டால் சின்னதாகத் தோன்றும். விருப்பமில்லாமல் தலைமுடியை மழிக்கக் கூடாது. விரும்பினால் சொந்தத் துணி உடுத்தலாம். மாதவிலக்குக்குத் தேவையானது கிடைக்க வேண்டும். பேன் தொல்லை என்று சொல்லி மொட்டை அடிக்கப்பட்ட ஒரு பெண், முடி வளரும் வரை முந்தானையைத் தலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரிவை எழுதியவர்களும் அப்படி யாரையோ பார்த்திருப்பார்கள்.

கொலை செய்தவர்களையும் அங்கேதான் வைப்பார்களா?

நீதிமன்றம் அனுப்புகிறவர்களுக்கும் சிறையிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கும் தனி வார்டு உண்டு. மற்றவர்களோடு கலக்க மாட்டார்கள். அங்கே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள்.

அங்கே இருப்பவர்கள் ஓட்டுப் போட்டார்களாமே, உண்மையா?

உண்மை. 2019 மக்களவைத் தேர்தலில், மத்திய சென்னைத் தொகுதியில், 150க்கும் மேற்பட்டோர் அந்த வளாகத்திலிருந்தே வாக்களித்தார்கள். வேட்பாளர் யார், சின்னம் எது, மிஷினில் எப்படி அழுத்துவது என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விரலில் மையோடு நின்ற படங்கள் பேப்பரில் வந்தன. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிட்ட குடும்பங்கள் அதைப் பார்த்திருக்குமா என்று எனக்குத் தோன்றியது.

இப்போது ஒருவரை விருப்பமில்லாமல் சேர்க்க முடியுமா?

முடியும், ஆனால் முன்போல் கண்மூடித்தனமாக இல்லை. 2017 சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தானாக வந்து சேர்ந்து தானாகப் போவதுதான் பொதுவழி. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால், அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க, இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொன்ன பிறகு 30 நாள் வரை சேர்க்கலாம். அதற்குமேல் நீட்டிக்க மனநலச் சீராய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும்.

நியமனப் பிரதிநிதி என்றால், நான் முடிவெடுக்க முடியாதபோது எனக்குத் துணையாக இருக்க நான் தேர்ந்தெடுக்கிற ஆள். தெளிவாக இருக்கும்போதே, எனக்கு இந்த வைத்தியம் வேண்டும், இது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதியும் வைக்கலாம். இப்படி ஒரு வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. நோய் வந்து போகிற தன்மை உள்ளவர்கள் நல்ல நாளில் உட்கார்ந்து எழுதி வையுங்கள்.

சங்கிலியால் கட்டுவது எந்த விதத்திலும் குற்றம். தனி அறையில் பூட்டி வைப்பதற்கும் தடை. தெருவில் திரிகிறவரைப் போலீஸ் அழைத்துப்போனால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது.

பேசாமல் இழுத்து மூடிவிட்டு, எல்லோரையும் சாதாரண ஆஸ்பத்திரியில் பார்க்கலாமே?

புதிதாக வருகிறவர்களைப் பொறுத்தவரை நானும் அதையே சொல்வேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சீட்டு எழுதுகிற அதே ஓ.பி.யில் மனதுக்கும் சீட்டு கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் அந்த வழியில்தான் போகிறது. முப்பது வருடமாக உள்ளே இருப்பவரை மட்டும் என்ன செய்வீர்கள்? கதவைத் திறந்து "போ" என்று சொன்னால் அவர் எங்கே போவார்? வெளிநாடுகளில் அப்படி அவசரமாக மூடி, பலர் நடைபாதைக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்த கதையெல்லாம் உண்டு.

2022-23 நிதிநிலை அறிக்கையில் இந்த மருத்துவமனையை மேம்படுத்த 40 கோடி ரூபாய் அறிவித்தார்கள். கட்டடம் எழும்பட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்கள். ஆனால் அதில் ஒரு பங்கு மதிலுக்கு வெளியே செலவாக வேண்டும்: நாலைந்து பேர் சேர்ந்து வாழ்கிற சாதாரண வாடகை வீடுகள், கூட ஒரு துணையாள், மாதம் ஒருமுறை வந்து பார்க்கிற நர்ஸ். பெரம்பூரிலோ கொளத்தூரிலோ ஒரு தெருவில் அப்படி ஒரு வீடு வந்தால் அக்கம்பக்கத்தார் எதிர்க்காமல் இருக்க வேண்டும். அதுதான் பணத்தைவிடக் கஷ்டமான பகுதி.

"கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று விளையாட்டாகச் சொல்வதில் என்ன தப்பு?

தூக்கம் வராமல், மனசு கனத்துப்போய், டாக்டரிடம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவர் வாய் மூடிவிடும். என் சித்தப்பாவை டாக்டரிடம் காட்ட எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் தாமதித்ததே அந்தச் சொல்லுக்குப் பயந்துதான்.

வீட்டில் ஒருவருக்குச் சரியில்லை. முதலில் எங்கே போவது?

14416க்கு போன் போடுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் இதைத் தொடங்கியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், ஆளைத் தனியாகவும் விடாதீர்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். சென்னைக்காரர்கள் கீழ்ப்பாக்கம் ஓ.பி.க்கு நேராகப் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள். பழைய சீட்டுகள், சாப்பிடுகிற மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஓ.பி.க்குப் போனாலே உள்ளே போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் மருந்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்கள்தான்.

உள்ளே இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன். என்ன எடுத்துப்போவது?

வார்டு சிஸ்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிளேடு, தீப்பெட்டி, கண்ணாடிப் பாட்டில், கயிறு எதுவும் கூடாது. தேங்காய் எண்ணெய் பிளாஸ்டிக் டப்பாவில், சீப்பு, அளவான ஒரு ஜோடிச் செருப்பு, துவைத்த துணி. தின்பதற்குக் கொண்டுபோனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள், அவரைப் பார்க்க யாரும் வராமல் இருக்கலாம். வீட்டு போட்டோ ஒன்று, புதிதாகப் பிறந்த குழந்தைகளோடு. அழவேண்டும்போல் இருந்தால் அழுதுவிட்டு உள்ளே போங்கள். நிறையப் பேச வேண்டும் என்றில்லை, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும். அடுத்து எப்போது வருவீர்கள் என்று கேட்பார். நிச்சயமாக வரக்கூடிய தேதியை மட்டும் சொல்லுங்கள்.

திரும்பும்போது அலுவலகத்தில் கேஸ் ஷீட்டை எடுக்கச் சொல்லி, அதில் இருக்கும் முகவரியையும் போன் நம்பரையும் ஒருமுறை சரிபாருங்கள். மாறியிருந்தால் அங்கேயே நின்று திருத்தி எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதாக இன்னொருவர் நம்பரும் கொடுங்கள்.